இடப்பக்கம் சொன்ன பல்லி

அத்தியாயம் ஐந்து

காலை ஏழே முக்கால் மணிக்குத் துப்பறியும் நிலையத்தின் கதவைத் தட்டுகிறவர்கள், உதவியாளன் ஜெபகுமாரின் அனுபவத்தில், இரண்டே வகை. ஒன்று பால்காரர். இன்னொன்று, கீழே இருக்கிற டயர் கடை எப்போது திறக்கும் என்று கேட்க வருகிறவர். அந்தப் புதன்கிழமை வந்தவர் இரண்டிலும் சேரவில்லை. வெள்ளை வேட்டி, நெற்றி கொள்ளாத விபூதி, அறுபதைத் தொடுகிற வயது, இரண்டு நாள் தூங்காத கண்கள்.

"ஒரு பல்லியைக் கண்டுபுடிக்கணும்," என்றார் வந்தவர்.

ஜெபகுமார் நோட்டைத் திறந்தான். "காணாம போன பல்லியா, கூட வந்த பல்லியா?"

"என் கார்ல இருக்குது. ஆனா இல்ல."

"ஜாமீன்ல இருக்குதா?"

"ஜெபா," என்று உள்ளறையிலிருந்து குரல் வந்தது. அவன் வாயை மூடினான்.

செல்லியம்மாள் வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். முப்பத்தோரு வருஷம் பஸ் டெப்போவில் உதிரி பாகக் கிடங்கைப் பார்த்துவிட்டு, ஓய்வு பெற்ற மறுவாரமே ரயில்வே ரோட்டு மாடியில் துப்பறியும் நிலையம் திறந்தவள். ஆரம்பித்து ஒன்றரை வருஷம். தீர்த்த வழக்குகள் இரண்டு. தென்னேரியில் காணாமல் போன எருமையைத் தேடிப் பதினோரு நாள் அலைந்ததும், அது அத்தனை நாளும் சொந்தக் கொட்டிலிலேயே நின்றிருந்ததும் மூன்றாவது வழக்கு. அதைப் பற்றி அலுவலகத்தில் பேசக் கூடாது என்பது சட்டம். ஜெபகுமார் அந்தச் சட்டத்தை வாரத்துக்கு ஒரு முறைதான் மீறுவான். பத்து வருஷம் இன்சூரன்ஸ் விற்றுத் தோற்ற வாய் அது. சும்மா இருக்காது.

"மெதுவா சொல்லுங்க ஐயா," என்றாள் செல்லியம்மாள்.

"என் பேரு குமாரசாமி. பிள்ளையார்பாளையத்துல எட்டுத் தறி ஓடுது. ஒரே பொண்ணு, அகிலா. திருப்பருத்திக்குன்றம் போற வழியில கலியாணசுந்தரம்னு என் சினேகிதர் இருக்காரு. அவரு பையன் சிவபாலனுக்குப் பொண்ணைக் குடுக்கறேன்னு ஏகாம்பரநாதர் கோயில்ல நாலு பேர் எதிர்ல வாக்குக் குடுத்துட்டேன். நாள் குறிக்க மூணு தடவை கெளம்பினேன். மூணு தடவையும் அவரு தெரு முனையில வண்டி திரும்பறப்போ இடப்பக்கம் பல்லி சொல்லிச்சு. அப்படியே திரும்பி வந்துட்டேன்."

"பரிகாரம்?"

"சின்னக் காஞ்சிபுரம் பெருமாள் கோயிலுக்குப் போய்த் தங்கப் பல்லியை மூணு வாட்டி தொட்டாச்சு. நான் சைவன்தான். பல்லிக்கு அந்த வித்தியாசம் தெரியாதுன்னு போனேன்."

"வண்டியில தேடினீங்களா?"

"சீட்டெல்லாம் கழட்டியாச்சு. சாம்பிராணி போட்டாச்சு. பூச்சி மருந்து அடிக்கறவரைக் கூட்டிக்கினு வந்தேன். ஒரு கரப்பான் பூச்சியும், போன தீபாவளிக்குத் தொலைஞ்ச என் மூக்குக் கண்ணாடியும் கெடச்சுது."

"கேஸ்ல பாதி முடிஞ்சுது," என்றான் ஜெபகுமார்.

குமாரசாமி சிரிக்கவில்லை. நேற்று கலியாணசுந்தரம் போன் செய்து, 'பல்லியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது, உன் ஓட்டைக் கார் கத்துது. நாளைக்குப் பன்னெண்டுக்குள்ள வந்து நாள் குறி. வரலேன்னா வாக்குத் தவறினவன்னு ஊர் பூரா சொல்லுவேன்' என்று வைத்துவிட்டாராம்.

"அதனால நீங்க வண்டியைப் பாத்துட்டு, கோளாறு எதுவும் இல்ல, சொன்னது பல்லிதான்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துட்டா போதும்மா. ரொம்பத் தேட வேணாம். அந்த எருமை விஷயம்கூடக் கேள்விப்பட்டேன். அதனாலதான் உங்ககிட்டயே வந்தேன்."

செல்லியம்மாள் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். பாராட்டா, வேறு ஏதாவதா என்று எடை போடுகிற மாதிரி இருந்தது.

"லெட்டர் கடைசியில ஐயா," என்று எழுந்தாள். "முதல்ல பல்லி."

*

கார் சின்னது, வெள்ளை, பன்னிரண்டு வயது. அதை ஓட்டிக் கொண்டிருந்தவர் சிட்டிபாபு. குமாரசாமியிடம் ஒன்பது வருஷமாக டிரைவர். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறவர், சில சமயம் அதுவும் இல்லை. செல்லியம்மாள் முன்னால் ஏறிக் கொண்டாள். பின்னால் இடப்பக்கம் குமாரசாமி, அவருக்கு வலப்பக்கம் ஜெபகுமார்.

வழியில் ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கியபோது முன்பக்கத்தில் 'டொக்' என்றது. செல்லியம்மாளின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"இந்தச் சத்தம் எத்தினி நாளா சிட்டிபாபு?"

"ஆறு மாசம்."

"மொதலாளிகிட்ட சொன்னீங்களா?"

"ஆறு மாசமா சொல்றேன்."

"கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன்," என்றார் குமாரசாமி, ஜன்னலைப் பார்த்துக் கொண்டு.

கலியாணசுந்தரத்தின் தெரு முனையில் ஒரு மின்கம்பம் சாலைக்குள் அரை அடி நீட்டிக் கொண்டிருந்தது. அதைச் சுற்றிக் கொண்டு போக வேண்டுமானால் வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கை இடப்பக்கம் முழுசாக ஒடிக்க வேண்டும். சிட்டிபாபு ஒடித்தார். அடியில் ஏதோ 'கிரீச்' என்று முனகியது. அது அடங்குவதற்குள்,

ச்சக். ச்சக். ச்சக்.

ஜெபகுமாரின் கை மயிர் சிலிர்த்தது. பல்லியேதான். வீட்டுச் சுவரில், டியூப் லைட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து சொல்லுமே, அதே சத்தம். குமாரசாமி கையெடுத்துக் கும்பிட்டார்.

"கேட்டீங்களாம்மா? திருப்புப்பா வண்டியை."

"இருங்க," என்றாள் செல்லியம்மாள். "ஜெபா, எறங்கி வண்டிக்கு அடியில படு."

"பல்லி தலையில விழுந்தா இன்னா பலன் மேடம்?"

"உனக்கா? பல்லிக்குத்தான் கெட்டது."

அவன் செய்தித்தாளை விரித்துப் படுத்தான். அவள் முன் சக்கரத்துக்குப் பின்னால் கையை நுழைத்து எதையோ தடவிப் பிடித்தாள். டீக்கடையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, "இன்னா, ஆள் மேல ஏத்திட்டீங்களா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லபா," என்றான் ஜெபகுமார் அடியிலிருந்து.

"சிட்டிபாபு, ஸ்டியரிங்கை மெதுவா திருப்புங்க," என்றாள் செல்லியம்மாள்.

மறுபடி கிரீச். அவள் விரல்களுக்கடியில் அது அதிர்வதை ஜெபகுமாராலேயே பார்க்க முடிந்தது. சக்கரத்தை வண்டியோடு சேர்க்கிற கீழ்மூட்டு. மேல் ரப்பர் கிழிந்து, உள்ளே துருப்பிடித்த உருண்டை ஒன்று பல் ஆடுகிற மாதிரி ஆடிக் கொண்டிருந்தது.

"பால் ஜாயின்ட் போயிடுச்சு," என்று கையைத் துடைத்தாள். "ஐயா, உங்க பல்லி இரும்புப் பல்லி. இதை மாத்தினா சத்தம் நின்னுடும். பன்னெண்டுக்குள்ள நாள் குறிச்சிடலாம்."

மூன்று மாதமாகத் தன்னை ஆட்டி வைத்த பல்லி பிடிபட்ட சந்தோஷத்தை அவர் முகத்தில் ஜெபகுமார் தேடினான். பஸ்ஸைத் தவறவிட்டவர் முகம்தான் அங்கே இருந்தது.

"மாத்தியே ஆவணுமா?" என்றார் குமாரசாமி.

*

கிறிஸ்டோபரின் ஒர்க்ஷாப் ரயில்வே கேட் பக்கம் ஒரு புளிய மரத்தடியில் இருந்தது. டெப்போவில் மெக்கானிக்காக இருந்தபோது உதிரி பாகத்துக்காகத் தினமும் செல்லியம்மாளிடம் கை நீட்டியவர். அவளைக் கண்டால் இன்றைக்கும் பாதிக் கும்பிடு போடுவார்.

"வாங்க ஸ்டோரம்மா. இன்னா ஐட்டம்?"

"முன்னாடி இடது பால் ஜாயின்ட். ஐயா பொண்ணுக்கு நாள் குறிக்கப் பன்னெண்டுக்குள்ள மாப்பிள்ளை வீட்டுக்குப் போவணும்."

கிறிஸ்டோபர் சக்கரத்து நட்டுகளைத் தரையிலேயே தளர்த்திவிட்டு ஜாக்கி வைத்துத் தூக்கினார், பக்கத்தில் ஸ்டாண்டு கொடுத்தார். டயரின் தலையையும் காலையும் இரண்டு கையால் பிடித்து ஆட்டினார். டொக், டொக். டயர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியது.

"ஐயா, இங்க வந்து பாருங்க. நம்ம தோள்பட்டையில கிண்ணத்துக்குள்ள உருண்டை இருக்குதில்ல, அந்த மாதிரி சமாச்சாரம் இது. ரப்பர் கிழிஞ்சு தண்ணி போயிருக்குது. கிரீஸ் காஞ்சு உருண்டை தேஞ்சுடுச்சு. இன்னும் ஒரு மாசம் ஓட்டியிருந்தீங்கன்னா, நீங்க பொண்ணு வீடாவே நடுரோட்டுல நின்னுக்கினு இருப்பீங்க, சக்கரம் மட்டும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிருக்கும்."

குமாரசாமி குனிந்து பார்த்தார். "மாத்தினா சத்தம் முழுசா நின்னுடுமா?"

"முழுசா."

"லேசாகூட இருக்காதா?"

"இருந்தா என் பேரை மாத்திக்கறேன்."

"ஒரு வாரம் கழிச்சாவது வருமா?"

கிறிஸ்டோபர் செல்லியம்மாளைப் பார்த்தார். செல்லியம்மாள் ஜெபகுமாரைப் பார்த்தாள். ஜெபகுமார் நோட்டில் 'வாடிக்கையாளர் சத்தத்தைப் பிரிய மனமில்லாதவர்' என்று எழுதிக் கொண்டான்.

வேலை ஆரம்பித்தது. கிறிஸ்டோபர் சக்கரத்தைக் கழற்றிச் சாய்த்து வைத்தார். நட்டுக்குள் குறுக்கே போயிருந்த கம்பிப் பின்னை நிமிர்த்தி இழுத்தார், அது பாதியில் ஒடிந்தது, திட்டினார், மீதியைத் தட்டி எடுத்தார். நட்டு வந்தது. மூட்டு வரவில்லை. அது உட்கார்ந்திருந்த இரும்புக் காதின் பக்கவாட்டில் பெரிய சுத்தியலால் ஓங்கி அடித்தார். ஒன்று, இரண்டு, ஐந்து. ஆறாவது அடிக்கு 'பட்' என்று விடுபட்டது. கடப்பாரையால், சக்கரத்தைத் தாங்குகிற கீழ் இரும்புக் கையை அழுத்திப் பிடிக்கச் சொல்லி சிட்டிபாபுவைக் கூப்பிட்டுவிட்டு, மூன்று போல்ட்டையும் கழற்றிப் பழைய மூட்டை வெளியே எடுத்தார்.

அது அவர் உள்ளங்கையில் கழுத்து தொங்கிக் கிடந்தது.

"அதை என்கிட்ட குடுப்பா," என்றார் குமாரசாமி. தோளிலிருந்த துண்டில் அதைச் சுற்றி மடியில் வைத்துக் கொண்டார், அடிபட்ட அணிலை வைத்துக் கொள்கிற மாதிரி.

புது மூட்டு ஏறியது. போல்ட்டுகள் இறுகின, நட்டு இறுகியது, புதுப் பின் போட்டு வளைத்தாயிற்று. மணி பத்தரை. இடையில் எங்கோ போயிருந்த செல்லியம்மாள் ஒரு பெரிய பொட்டலத்தோடு திரும்பி வந்தாள். இலை வாசனையும் மிளகு வாசனையும் கலந்து அடித்தன. கோயில் இட்லி.

"நம்ம கேஸ் முடிஞ்சுதே மேடம்," என்றான் ஜெபகுமார். "லெட்டர் எழுதட்டுமா?"

"எழுதாத." அவள் அவனை ஓரமாக இழுத்தாள். "ஜாயின்ட்டு மேல கை வச்சிருந்தேன். அது சத்தம் போடறப்போ ஒரே இழுவை. கதவு கீல் மாதிரி. ஆனா வண்டிக்குள்ள நாம கேட்டது?"

"ச்சக், ச்சக், ச்சக்."

"கரெக்டா மூணு. பால் ஜாயின்ட்டுக்கு எண்ணத் தெரியாது ஜெபா. முப்பத்தோரு வருஷத்துல எண்ணத் தெரிஞ்ச ஸ்பேர் ஒண்ணைக்கூட நான் பாத்ததில்ல. இப்ப வண்டியில ஏறும்போது நீ இடப்பக்கம் உக்காந்துக்கோ. ஐயா வலப்பக்கம்."

"எதுக்கு?"

"காத்து வாங்க."

*

பதினொன்று பத்துக்குக் கார் மறுபடி அந்த மின்கம்பத்தருகே நின்றது. சிட்டிபாபு ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தார். சக்கரம் வெண்ணெய் மாதிரி திரும்பியது. முனகல் இல்லை. ஜெபகுமார் மூச்சை விட்டான்.

ச்சக். ச்சக். ச்சக்.

விட்ட மூச்சு பாதியில் நின்றது.  

"பாத்தீங்களாம்மா," என்றார் குமாரசாமி. குரலில் ஒரு தெம்பு இருந்தது. "புது ஜாயின்ட் போட்டும் இடப்பக்கம் சொல்லுது. இது தெய்வக் குத்தம். லெட்டர்ல எழுதிக்கோங்க."

இடப்பக்கம் உட்கார்ந்திருந்தவன் ஜெபகுமார். அவன் இடது காது ஜன்னல் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. சத்தம் விழுந்தது வலது காதில். சன்னதியில் கேட்கிற ரகசியம் மாதிரி, மிகப் பக்கத்தில்.

அவன் மெல்லத் தலையைத் திருப்பிக் குமாரசாமியைப் பார்த்தான். அவர் கும்பிட்ட கையோடு மேலே பார்த்துக் கொண்டிருந்தார்.

"இன்னும் ஒரு தடவை பாத்துடலாம் ஐயா," என்றாள் செல்லியம்மாள் நிதானமாக. "காலையிலேர்ந்து யாரும் ஒண்ணும் சாப்பிடல. முதல்ல இதைப் புடிங்க." பொட்டலத்தைப் பிரித்து ஆளுக்கொரு பெரிய துண்டு நீட்டினாள். "பிரசாதம் மாதிரி. கீழ வைக்கக் கூடாது, வாயிலயே போட்டுக்கணும்."

பிரசாதம் என்று சொன்ன பிறகு குமாரசாமியால் மறுக்க முடியவில்லை. நால்வரும் வாய் நிறைய மென்றார்கள். சிட்டிபாபு வண்டியைப் பின்னுக்கு எடுத்து மறுபடி முனையில் திருப்பினார்.

சத்தமே இல்லை.

"இன்னொரு துண்டு," என்றாள் செல்லியம்மாள்.

பின்னுக்கு எடுத்தார், திருப்பினார். நிசப்தம். மூன்றாவது துண்டு. நிசப்தம். டீக்கடைக்காரர் வெளியே வந்து, இடுப்பில் கை வைத்து, ஒரே மின்கம்பத்தை நாலாவது தடவையாகச் சுற்றுகிற காரையும் அதற்குள் கன்னம் உப்பி உட்கார்ந்திருக்கிற நாலு பேரையும் பார்த்துக் கொண்டிருந்தார்.

ஐந்தாவது தடவை திரும்பும்போது குமாரசாமியின் தொண்டை அவசரமாக ஏறி இறங்கியது.

ச்சக். ச்சக். லொக்கு, லொக்கு, லொக்கு.

பல்லிக்கு இருமல் வந்துவிட்டது. கண்ணில் நீர் வர, முகம் சிவக்க, மார்பைப் பிடித்துக் கொண்டு குமாரசாமி இருமினார். ஜெபகுமார் அவர் முதுகைத் தட்டினான். செல்லியம்மாள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து பின்னால் நீட்டினாள்.

"மிளகு ஜாஸ்திங்கய்யா," என்றாள். "பல்லிக்கு ஒத்துக்கல."

அவர் தண்ணீர் குடித்தார். துண்டில் சுற்றியிருந்த பழைய மூட்டு மடியிலிருந்து நழுவிக் காலடியில் விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவர் நிமிரவே இல்லை.

"சிட்டிபாபு, உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் செல்லியம்மாள்.

"கண்ணாடியில தெரியும்மா. தெரு முனை வந்தா மொதலாளி வாய் குவியும்." சிட்டிபாபு நேரே பார்த்தபடி சொன்னார். "நான் ரோட்டைப் பாத்துப்பேன்."

குனிந்த தலையிலிருந்தே குரல் வந்தது.

"முதல் தடவை நான் பண்ணலம்மா. அது நெசமாவே இந்த இரும்புதான். எனக்கு அது பல்லின்னு தோணிச்சு, திரும்பிட்டேன். எல்லாத் தடவையும் போல அகிலாவும் அன்னிக்கு வண்டியில இருந்தா. வீட்டுக்குப் போய் எறங்கினதும் அவ மொகத்தைப் பாத்தேன். வாக்குக் குடுத்த நாள்லேர்ந்து செத்துக் கெடந்த மொகம், அன்னிக்கு லேசா சிரிச்சுது. உள்ளாற கூப்பிட்டுக் கேட்டேன். பையன் நல்லவன்தாம்பா, ஆனா பக்கத்துல உக்காந்தா பேச ஒரு வார்த்தை வரலப்பா, வாழ்க்கை பூரா இன்னா பண்றதுன்னு தெரியல, ஆனாலும் நீ வாக்குக் குடுத்துட்டே, நான் போறேன்னா."

அவர் நிமிர்ந்தார். இருமலில் வந்த நீர் இன்னும் கன்னத்தில் இருந்தது.

"நாப்பது வருஷமா எங்க தெருவுல என் வார்த்தைக்கு ஒரு எடை இருக்குது. அதை நானா எப்படிம்மா முறிக்கறது? மனுஷன் முறிக்கக் கூடாது. பல்லி முறிக்கலாம். ரெண்டாவது தடவை கெளம்பினப்போ முதல் நாள் மழை. ஜாயின்ட் நனைஞ்சு சத்தமே வரல. முனையில வண்டி திரும்பிடுச்சு. இன்னா பண்றதுன்னு தெரியாம, நாக்கு தானா..."

"நல்லாத்தான் பண்றீங்க," என்றான் ஜெபகுமார். கிண்டலாகத்தான் ஆரம்பித்தான். பாதியிலேயே அது பாராட்டாக மாறிவிட்டது.

"உங்ககிட்ட வந்தது ஒரு லெட்டருக்காக. நீங்க கண்டுபுடிக்க மாட்டீங்கன்னு நெனைச்சேன்."

செல்லியம்மாள் கோபப்படவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பதினொண்ணு அம்பது. லெட்டர் வேணும்னா இப்பவே எழுதிக் குடுக்கறேன். பல்லிதான்னு எழுதறேன். சாட்சிக் கையெழுத்து ஜெபா போடுவான். கலியாணசுந்தரம் நம்பினாலும் நம்புவாரு. ஆனா அடுத்த வரன் வரும், அதுக்கடுத்தது வரும். எத்தினி நாளைக்கு நாக்கைத் தட்டிக்கினு இருப்பீங்க? புது ஜாயின்ட் பத்து வருஷம் உழைக்கும் ஐயா. அது உங்களுக்கு ஒத்தாசை பண்ணாது."

குமாரசாமி பழைய மூட்டைக் கையில் வைத்துப் புரட்டினார். உருண்டை இப்படியும் அப்படியும் விழுந்தது. பிறகு அதை இருக்கையில் வைத்துவிட்டு, வேட்டியை உதறிக் கட்டிக் கொண்டு இறங்கினார்.

"தனியா போவ பயமா இருக்குது. நீயும் வாப்பா," என்றார் ஜெபகுமாரிடம்.

*

கலியாணசுந்தரம் கூடத்தில் பஞ்சாங்கத்தோடும் தாம்பூலத் தட்டோடும் தயாராக உட்கார்ந்திருந்தார். சுவர்க் கடிகாரம் பன்னிரண்டுக்கு ஆறு நிமிஷம் காட்டியது. பக்கத்தில் மகன் சிவபாலன், புதுச் சட்டையில், பள்ளிக்கூட போட்டோவுக்கு நிற்கிற மாதிரி நின்றிருந்தான்.

"வந்துட்டியா," என்றார் கலியாணசுந்தரம். "இன்னிக்குப் பல்லி லீவா?"

"பல்லி இல்ல," என்றார் குமாரசாமி. "நான்தான். மூணு தடவையில ரெண்டு தடவை நான்தான் சத்தம் போட்டேன். எம்பொண்ணுக்கு இஷ்டமில்ல. உன் பையன் மேல ஒரு குறையும் இல்ல, அவளுக்கு மனசு வரல. அவளைக் கேக்காம நான் வாக்குக் குடுத்தது தப்பு. ஊர்ல இன்னா வேணா சொல்லிக்கோ."

ஜெபகுமார் கண்ணை மூடிக் கொண்டான். இப்போது எது பறந்து வரும் என்று அவன் கணக்கில், தாம்பூலத் தட்டு முதலிடத்தில் இருந்தது.

எதுவும் பறக்கவில்லை. ஒரு தொண்டை செருமல் கேட்டது.

"அப்பா," என்றான் சிவபாலன். "அகிலா எனக்கு ரெண்டு மாசம் முன்னாடியே மெசேஜ் பண்ணிடுச்சு. எனக்கும் அதேதான். பேச ஒண்ணும் வரல. நான்தான் உங்ககிட்ட சொல்ல பயந்துக்கினு இருந்தேன். ஒவ்வொரு தடவையும் இவங்க வண்டி முனையில திரும்பறதை மாடியிலேர்ந்து பாத்து..." அவன் முடிக்கவில்லை.

"பாத்து?" என்றார் கலியாணசுந்தரம்.

"ஏகாம்பரநாதருக்குத் தேங்கா உடைச்சேன்."

கலியாணசுந்தரம் மகனைப் பார்த்தார். சினேகிதரைப் பார்த்தார். பஞ்சாங்கத்தை மூடினார். சம்பந்தப்பட்ட இருவரும் எதிரிலேயே இருக்க, அவர் என்ன காரணத்தாலோ ஜெபகுமாரிடம் கேட்டார்.

"ஏம்பா, எங்க ரெண்டு குடும்பத்துல வாயைத் திறந்து உள்ளதைச் சொல்ல ஒருத்தர்கூட இல்லியா?"

"ஒண்ணு இருந்துதுங்க," என்றான் ஜெபகுமார். "முன்னாடி இடது பால் ஜாயின்ட். அதையும் காலையில கழட்டிட்டோம்."

கலியாணசுந்தரம் சிரிக்கவில்லை. 'போய்ட்டு வா' என்றும் சொல்லவில்லை. தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பு கிள்ளி, தான் மட்டும் போட்டுக் கொண்டு, முகத்தைத் திருப்பிக் கொண்டார். நாற்பது வருஷச் சினேகிதம் அன்றோடு முடிந்ததா, ஆறு மாசம் கழித்துத் திரும்புமா என்று அந்தத் தாடையைப் பார்த்து எதுவும் சொல்ல முடியவில்லை. குமாரசாமி ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தார். நடை கொஞ்சம் தள்ளாடியது. ஆனால் தோள்கள் இறங்கியிருந்தன, பாரம் இறக்கியவர் தோள் மாதிரி.

அவர்கள் காரில் ஏறுவதற்குள் போன் அடித்தது. சிவபாலன் அதற்குள் மெசேஜ் அனுப்பியிருக்க வேண்டும். குமாரசாமி எடுத்துக் காதில் வைத்தார். எதிர்முனை பேசுவது ஜெபகுமாருக்குக் கேட்கவில்லை. இந்த முனை மட்டும்தான் கேட்டது.

"ஆமாமா... சொல்லிட்டேன்... இல்ல, அடிக்கல." நீண்ட இடைவெளி. "ஆமா, நான்தான்... மூணாவதும் நான்தான்... உனக்குத் தெரியுமா?" இன்னொரு இடைவெளி. அவர் கழுத்து சிவந்தது. "அப்போ எதுக்குடி வண்டியில உக்காந்துக்கினு சும்மா இருந்தே?" பிறகு, "சிரிக்காத. அகிலா, சிரிக்காதன்றேன்."

அப்படிச் சொல்லும்போதே அவர் முகம் கோணிக் கொண்டு வந்தது. அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் செல்லியம்மாள் முன் சீட்டில் நேராகத் திரும்பி உட்கார்ந்து கொண்டாள்.

போனை வைத்துவிட்டு அவர் கண்ணைத் துடைத்தார். "வீட்டுக்குப் போப்பா."

"நேரா போவ முடியாதுங்க மொதலாளி," என்றார் சிட்டிபாபு. அன்று அவர் கேட்காமலே பேசிய முதல் வார்த்தை அது. "பால் ஜாயின்ட் மாத்தினா சக்கரத்துக்கு அலைன்மென்ட் பாக்கணும். இல்லேன்னா வண்டி நாம நெனைச்ச பக்கம் போவாது."

"எவ்ளோ நேரம் ஆகும்?"

"ஒரு மணி நேரம்."

"பொண்ணு வாசல்ல நிக்கறேன்னு சொல்லிச்சுப்பா," என்றார் குமாரசாமி. கொஞ்சம் யோசித்தார். "வழியில ஏத்திக்கினு போலாம். அதுவும் வந்து பாக்கட்டும்."

சிட்டிபாபு வண்டியைக் கிளப்பினார்.